நாலாவது பாட்டு அறுந்த இடம்

சுபாஜினிக்கு நித்திரை வரவேண்டுமென்றால் ஒரு சத்தம் வேண்டும். சத்தமென்றால் கூச்சல் அல்ல. ஏறாமல் இறங்காமல் ஒரே நீளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற சத்தம். அவளுடைய அக்காவை நான் கலியாணம் முடித்துவந்த காலத்தில் அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவளுடைய அம்மா, என் மாமி இராசமலர், பின்னேரங்களில் தையல் மெசின் மிதிப்பா. சுபாஜினி புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு மெசினுக்குக் கீழேயே படுத்துக் கண்ணை மூடிவிடுவாள். நூல் அறுந்து மெசின் நின்றால் எழும்பிவிடுவாள். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு இசைத்தட்டே போடுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வல்வெட்டித்துறை. இங்கே வளர்ந்தவர்களுக்கு விண் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தைமாதத்தில் ஆளுயரம், அதற்கும் மேல் என்று பட்டங்கள் கட்டி ஏற்றுவோம். பட்டத்தின் தலையில் மூங்கில் வில்லொன்று வைத்து, அதில் ஒரு நாடாவை இழுத்துக் கட்டுவோம். அதுதான் விண். காற்று அந்த நாடாவில் பட்டால் அது கூவத் தொடங்கும். கூவுகிறது என்று எழுதினாலும் சரியில்லை. பெரிய வண்டு ஒன்று வானத்தில் இருந்துகொண்டு மூச்சு விடாமல் இரைகிற மாதிரி இருக்கும். வாடைக்காற்று நன்றாக விழுந்துவிட்டால் பட்டத்தை இறக்கமாட்டோம். கயிற்றைப் பனையிலோ கட்டையிலோ கட்டிவிட்டுப் போய்ப் படுப்போம். அது மேலே நின்று இரைந்துகொண்டிருக்கும். கீழே ஊர் அந்த இரைச்சலுக்குள் படுத்திருக்கும்.

இதில் ஒரு விசயம் உண்டு. விண் கூவுகிறபோது எங்கள் ஊரில் ஒருவரும் எழும்பமாட்டார்கள். விண் நின்றால்தான் எழும்புவார்கள். சத்தம் நின்றால் கயிறு அறுந்துவிட்டது, பட்டம் எங்கேயோ விழுகிறது என்று அர்த்தம். கட்டினவன் மட்டுமல்ல, பட்டத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்களும் கண்ணைத் திறந்து, எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று பார்க்க முற்றத்துக்கு வருவார்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது. கால் தானாக வரும்.

சுபாஜினி பிறந்தது தொண்ணூற்றொன்றில். போரால் பட்டம் ஏறாத சில தைமாதங்கள் எங்கள் ஊருக்கு இருந்தன. அவளுடைய குழந்தைக்காலம் அந்த வருடங்களில்தான் போனது. இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இருந்தபோது பிள்ளை நித்திரை கொள்ளவே மாட்டாதாம். மாமி அவளுடைய காதைத் தன் நெஞ்சோடு வைத்து, வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று இழுத்தபடி இருப்பாவாம். பக்கத்தில் படுத்திருக்கிற சனம், இராசமலருக்கு வயிற்று வலியோ என்று கேட்குமாம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு தைமாதம் பட்டம் ஏறியது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக விண்ணைக் கேட்டாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு படுத்தவள் அடுத்தநாட் காலைதான் எழும்பினாள். காய்ச்சலென்று நினைத்துப் பரியாரியாரைக் கூப்பிட ஆள் போய்விட்டதாம். எழும்பி வந்து அவள் கேட்ட முதல் கேள்வி, ஏன் நிண்டது என்பதுதான். காய்ச்சல் பதற்றத்தில் வீட்டில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை, அப்போதுதான் வெளியே போய்ப் பார்த்திருக்கிறார்கள். பட்டம் அறுந்து போயிருந்தது.

படித்து முடித்து ஐஸ் தொழிற்சாலையில் கிளார்க்காகச் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். கொம்பிரசர் இரைகிற அறைக்கு அடுத்த அறை அவளுடையது. அவளுக்கு முன்பு அங்கே இருந்தவர்கள் தலையிடி என்று விட்டுவிட்டுப் போனவர்கள். இவள் அந்த இரைச்சலுக்குள் இருந்து பில் எழுதுவாள். மீனுக்கு ஐஸ் எடுக்க நான் போகிற நேரங்களில் பார்ப்பேன். கண் பாதி மூடியிருக்கும், கை எழுதிக்கொண்டிருக்கும். ஐஸ் கட்டிகள் சறுக்கி வருகிற பலகையில் இருந்து வெள்ளைப் புகை மாதிரிக் குளிர் எழும்பி அவளுடைய கதவடிக்கு வரும். அதற்குள் அவளைப் பார்த்தால் வேறெங்கோ இருக்கிற ஆளைப் போலத்தான் தெரியும்.

அந்தக் கொம்பிரசரைத்தான் அவள் முதலில் போனில் பதிந்தாள். பதிந்ததை உடுப்பிட்டியில் கொம்பியூட்டர் திருத்துகிற சிவதர்ஷனிடம் கொண்டுபோய், இதை இன்னும் தாழ்த்தித் தா என்று கேட்டாளாம். அவனுக்கும் இந்த விசர், இந்தச் சத்தப் பைத்தியம், இருந்திருக்கிறது. சாவகச்சேரியில் வயலின் படிப்பிக்கிற கீர்த்திகா மூன்றாவதாகச் சேர்ந்தாள். சிவதர்ஷன் வீட்டுப் பின்னறைச் சுவரெல்லாம் முட்டை அடுக்குகிற மட்டையை ஒட்டி, கீபோட்டும் கொம்பியூட்டரும் வைத்து, 'உவர்' என்று தங்களுக்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். எலெக்ட்ரோனிக் இசைக்குழுவாம். எனக்குத் தெரிந்த இசைக்குழுவில் ஒருவர் பாடுவார், ஒருவர் டிரம்ஸ் அடிப்பார், சனம் ஆடும். இது அப்படியில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் கடலுக்கு அடியில் இருந்து ஆரோ கதைக்கிற மாதிரி இருக்கும். மாமி ஒருநாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "பாட்டெண்டால் ஒரு சொல்லாவது கிடக்க வேணாமோ பிள்ளை?" என்றா. சுபாஜினி சிரித்துவிட்டு, "நீங்கள் எனக்குப் பாடினதிலை சொல் கிடந்ததோ அம்மா?" என்றாள். 

இசைத்தட்டின் பெயர் 'கயிற்றின் மறுமுனை'. அதில் நாலாவது பாட்டின் பெயர் 'நித்திரை'. அந்தப் பாட்டுப் பிறந்த இடத்தில் நானும் இருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின தை. என்னுடைய கூட்டாளி இளையதம்பியின் பெரிய பட்டம் கடற்கரையில் கட்டையில் கட்டியபடி நின்றது. அவன் கட்டுகிற விண்ணின் சத்தம் தனி. தொண்டை கட்டின மாதிரி ஆழத்தில் இருந்து வரும். விடிகிற நேரம் சுபாஜினி ஒரு சின்ன மைக்கைக் கொண்டுவந்து கயிறு கட்டியிருந்த கட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டு, இன்னொன்றை மேலே பார்த்தபடி வைத்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணலில் இருந்துவிட்டாள். இளையதம்பி வள்ளத்தில் சாய்ந்து தூங்கினான். நான் சுருட்டைப் பற்றவைத்தேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எங்கே கடல் முடிகிறது என்று தெரியவில்லை. விண் இரைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது வெளியிலா எனக்கு உள்ளேயா என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டொரு தரம் இருமினேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு சத்தம் நின்றது.

நானும் இளையதம்பியும் ஒரே நேரத்தில் எழும்பினோம். கயிறு மேலே எங்கேயோ அறுந்து, மிச்சம் வளைந்து வளைந்து தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. பட்டம் தள்ளாடித் தள்ளாடிக் கடலுக்கு மேலே போயிற்று. இளையதம்பி முழங்கால் தண்ணீர் மட்டும் ஓடி நின்றுவிட்டான். சுபாஜினி இருந்த இடத்திலேயே இருந்தாள். இரண்டு கையும் காதில். கண் அகலத் திறந்திருந்தது. நான் கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். தையல் மெசினுக்குக் கீழே நித்திரை கலைந்து எழும்புகிற பிள்ளையின் முகம்.

அதை அப்படியே வைத்துத்தான் நாலாவது பாட்டு. விண்ணுக்குக் கீழே சிவதர்ஷனின் கீபோட், அதற்கும் கீழே கொம்பிரசர், ஓரத்தில் எங்கேயோ கீர்த்திகாவின் வயலின் ஒரே நரம்பில். நீளமான பாட்டு. நீண்டு நீண்டு போய்க் கயிறு அறுந்த அந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அதற்குப் பிறகு வெறும் அமைதி. கடல் கூட இல்லை. பிறகுதான் ஐந்தாவது பாட்டு.

இசைத்தட்டை முதலில் இணையத்தில்தான் விட்டார்கள். ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. வெளியில் கவனித்தார்கள். இலண்டனில் ஒரு சஞ்சிகை நல்லதாக எழுதியிருந்தது. சுபாஜினி அதைத் தமிழாக்கி எனக்கு வாசித்துக் காட்டினாள். நாலாவது பாட்டில் போரின் மூச்சுத்திணறல் கேட்கிறதாம். எந்த இடம் என்று கேட்டேன். போட்டுக் காட்டினாள். அது நான் சுருட்டுக் குடித்து இருமின இருமல். என் மனிசியும் மாமியும் அன்று முழுக்கச் சிரித்தார்கள். இப்போதும் நான் இருமினால், போர் தொடங்கிவிட்டது என்பார்கள்.

இரண்டாவது விமர்சனம் கனடாவில் இருந்து. எழுதியவர் நம்மவர்தான், இசை தெரிந்த மனிதர். சும்மா திட்டுகிற ஆளில்லை. முதலாம் பாட்டையும் ஆறாம் பாட்டையும் மனம் விட்டுப் புகழ்ந்திருந்தார். நாலாவதுக்கு வந்ததும் இப்படி எழுதியிருந்தார்: ஒரே சுரத்தை நீட்டி வைத்திருக்கிறார்கள், அது யாழ்ப்பாணத்தில்தான் செய்யப்பட்டது என்பதற்கு அதற்குள் ஒரு அடையாளமும் இல்லை, எந்த நகரத்தின் எந்த அறையிலும் செய்யலாம். முடிவு என்று ஒன்று இல்லை, முறிவுதான் இருக்கிறது. கோப்பு பழுதென்று நினைத்து மறுபடியும் இறக்கிப் பார்த்தேன் என்றும் எழுதியிருந்தார்.

சுபாஜினி அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. போனை என்னிடம் நீட்டினாள். நான் எஞ்சின் எண்ணெய்க் கையோடு எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கென்ன தெரியும் என்று நான் தொடங்க, கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அந்த ஆள் பொய் எழுதவில்லை, தனக்குக் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார் என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் பழைய கிராமபோன் தட்டு மாதிரிக் கறுப்பு இசைத்தட்டு அடிக்கிற ஒருவர் இவர்களுடையதை அடிக்கிறேன் என்று வந்தார். அவரும் விமர்சனத்தை வாசித்திருந்தார். நாலாவது பாட்டின் கடைசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மெல்ல மறைகிற மாதிரிச் செய்து தந்தால் நல்லது என்றார். சிவதர்ஷனுக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு பின்னேர வேலை, கேட்கிறவனுக்கும் சுகமாக இருக்கும் என்றான். கீர்த்திகா நடுவில் நின்றாள். இணையத்தில் இருப்பதை நாளைக்கு மாற்றலாம். தட்டில் அடித்தால் அடித்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுபாஜினி எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கேட்டேன்.

"எனக்கு மட்டும்தான் அப்பிடியோ அத்தான்?" என்றாள்.

"எப்பிடி?"

"அது நிக்கேக்கை எழும்புறது. நான் கேக்கிற ஆக்களை நித்திரையாக்கிப்போட்டு எழுப்ப வேணுமெண்டுதான் அதைச் செய்தனான். அது ஒருத்தருக்கும் விளங்கேல்லையெண்டால், என்ரை விசரை மற்றவையின்ரை தலையிலை கட்டுறன் எண்டுதானே அர்த்தம்."

நான் எழும்புவேன் என்றேன். நீங்கள் அங்கே நின்ற ஆள், உங்கள் கணக்குச் சரிவராது என்றாள். அது உண்மைதான்.

அந்தக் கிழமைதான் சனசமூக நிலையத்துப் பெடியள் வந்து, ஊர்ப்பிள்ளையின் இசைத்தட்டை ஊருக்கும் போட்டுக் காட்டவேண்டும் என்று கேட்டார்கள். சுபாஜினி உடனே ஓம் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற ஆள் இல்லை அவள். பிறகு விளங்கியது. ஊர் எழும்பினால் பாட்டு அப்படியே போகும். எழும்பாவிட்டால் சிவதர்ஷன் சொன்னபடி மறையும். இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். என்ன மாதிரிப் பாட்டு, எங்கே பதிந்தது என்று ஊருக்கு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

புரட்டாதி மாதம். சோளகக் காற்று ஓய்ந்து வாடை தொடங்காத நாட்கள். காற்று என்ற ஒன்றே இல்லை. தென்னோலை படத்தில் கீறினமாதிரி நின்றது. திருவிழாவுக்குக் கொண்டுவருகிற பெரிய ஸ்பீக்கர்களை மண்டபத்தின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். பின்னேரம் சனம் வந்தது. மாமியும் அவவின் கூட்டாளிகளும், கடலால் வந்து குளித்துவிட்டு வந்த ஆம்பிளைகள், பின்வரிசையில் பெடியள். இளையதம்பி முன்வரிசையிலேயே இருந்தான். சுபாஜினியைக் கண்ட இடத்தில் என்ரை பட்டத்தைத் தா பிள்ளை என்று கேட்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. அன்றைக்கும் கேட்டான். சிவதர்ஷன் கொம்பியூட்டரோடு ஒரு மேசையில் இருந்தான். சுபாஜினி மேடைத் திரைக்குப் பக்கத்தில் சனத்தைப் பார்த்தபடி ஒரு கதிரையில், பக்கத்தில் கீர்த்திகா.

முதலாம் பாட்டுக்குச் சனம் ஒன்றையொன்று பார்த்தது. இரண்டாவதுக்குப் பின்வரிசையில் ஒருவன், மெசின் பழுதோ என்று கேட்டு அடக்கிச் சிரித்தான். மூன்றாவதில் இரண்டு பெண்கள் விலைவாசி கதைக்கத் தொடங்கினார்கள். சுபாஜினியின் முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது தொடங்கியது. அந்தப் பெரிய ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் காதுக்கு முதல் கதிரைக்கு வந்தது. கால்வழியாக ஏறியது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விலைவாசி கதைத்தவர்களின் கதை நடுவில் நின்றுபோனது. நின்றதை அவர்களே கவனித்த மாதிரித் தெரியவில்லை. வெளியில் வெயில் மஞ்சளாகி யன்னல் வழியாகச் சரிந்து விழுந்தது. அதற்குள் தூசி மிதந்துகொண்டிருந்தது, விழவும் இல்லை எழவும் இல்லை. மாமியின் தலை மெல்லச் சரிந்து பக்கத்து மனிசியின் தோளில் தங்கியது. அந்த மனிசியின் கண்ணும் மூடியிருந்தது. இளையதம்பி வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். வரிசை வரிசையாகத் தலைகள் சாய்ந்தன, நெல் சாய்கிறமாதிரி. நடுவில் எங்கேயோ என் இருமல் கேட்டது. அது எனக்கு வேறு ஆரோ இருமுகிறமாதிரி, பக்கத்து வளவில் இருந்து கேட்கிறமாதிரி இருந்தது. புரட்டாதியா தையா என்பது எனக்கு மறந்துவிட்டது. வெளியே போனால் குளிரும் என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

அறுந்தது.

கதிரைகள் தள்ளுப்பட்ட சத்தம்தான் முதலில் கேட்டது. இளையதம்பி எழும்பி வாசலுக்குப் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் ஆம்பிளைகள், பெடியள், சேலையை இழுத்துச் சரிசெய்தபடி பெண்கள்.  மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. நானும் எழும்பித்தான் நின்றேன். திரும்பி மேடையைப் பார்த்தேன். சுபாஜினி கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தாள். எல்லாரும் பொறுக்க மாட்டாமல் எழும்பிப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் கீர்த்திகா மட்டும், என்ன நடக்கிறதென்று விளங்காமல் கையை விரித்தாள். அவள் சாவகச்சேரிக்காரி. எங்கள் தைமாதத்தில் படுத்துப் பழகாத பிள்ளை.

நான் வெளியே போனேன். முற்றம் நிறையச் சனம். எல்லாரும் கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானத்தில் ஒன்றுமில்லை, ஒரு காகம் கூட இல்லை. ஆரோ கையை நெற்றியில் வைத்து, கடல் பக்கம்தான் போயிருக்கும் என்றார்கள். இன்னொருவர், "காத்தே இல்லை, ஆர் பட்டம் ஏத்தினது?" என்று கேட்டார்.  கேட்டவரும் மேலே பார்ப்பதை விடவில்லை.

"என்ரை விண்," என்றான் இளையதம்பி. குரல் இன்னும் நித்திரைக்குள் கிடந்தது. "அது என்ரை விண்ணெல்லோ."

உள்ளே போய் சுபாஜினியின் கையைப் பிடித்து எழுப்பினேன். வெளியில் வந்து பார் என்றேன். விடுங்கோ அத்தான் என்றாள். பார் என்றேன்.

வாசலில் வந்து நின்றாள். அந்த முற்றத்தை, அந்தக் கழுத்துகளை, ஒரு முகம் விடாமல் பார்த்தாள். அவளுடைய அம்மாவும் அங்கே நின்றா, ஒரு செருப்பு உள்ளே, ஒன்று காலில். சுபாஜினி வாசல் நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பிறகு என் தோளைத் தட்டி ஒரு பக்கம் காட்டினாள். கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில், கழுத்தில் ஹெட்போன் தொங்க, மேலே பார்த்தபடி நின்றவன் சிவதர்ஷன். அந்தப் பாட்டை அளந்து வெட்டி ஒட்டினவன் அவன். எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்த அளவு வேறு ஒருவருக்கும் தெரியாது. உள்ளே மேசையில் கொம்பியூட்டர் தன்பாட்டில் ஐந்தாவது பாட்டைத் தொடங்கியிருந்தது, கேட்க ஒருவரும் இல்லை.

எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற கீர்த்திகாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்ன தர்ஷன், கோப்பு பழுதோ?"

அவன் திரும்பினான். எங்களைக் கண்டதும் முகம் சிவந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"உப்பிடியே அனுப்பட்டோ அக்கா?" என்றான்.

"ஓம்," என்றாள் சுபாஜினி. "உப்பிடியே அனுப்பு."

சனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தை நிமிர்த்தியது. என்ன நடந்ததென்று ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கிச் சிரித்தார்கள். சிலருக்கு வெட்கம். மாமி மற்றச் செருப்பைத் தேடி உள்ளே போனா. போகிறபோது மகளின் கன்னத்தில் ஒரு கை வைத்துவிட்டுப் போனா. மிச்சப் பாட்டுகளையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று நிலையத்துப் பெடியள் கெஞ்சியதில் பாதிப்பேர் திரும்பி வந்து இருந்தார்கள்.

இளையதம்பி வரவில்லை. இசைத்தட்டு, மைக், பதிவு என்று எல்லாவற்றையும் அவனுக்கு நானே விளங்கப்படுத்தினேன். ஓம் ஓம் என்று தலையாட்டினான். பிறகு, எதுக்கும் ஒருக்காப் பாத்திட்டு வாறன் என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தான். அவனோடு இன்னும் இரண்டு மூன்று பேர் போனார்கள். நானும் சுபாஜினியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அலையில்லாத கடல் பளிங்கு மாதிரிக் கிடந்தது. அதன் ஓரத்தில் அவர்கள் கையை நெற்றியில் வைத்தபடி, தண்ணீரில் ஒரு பட்டத்தைத் தேடிக்கொண்டு போனார்கள்.